பட்டறையில் நேர், புல்லில் வலது

பட்டறைக்குள் அடித்தால் நேராகப் போகிற பந்து, வெளியே புல்லில் வைத்து அடித்தால் வலது பக்கம் போனது. அதே கிளப், அதே பந்து, அதே ஆள். அவளுக்குப் பிடிபடவில்லை.

கோல்ஃப் பயிற்சித் திடலின் பின்புறம், பந்து கழுவும் இயந்திரத்துக்கு அடுத்த அறைதான் அவளுடைய பட்டறை. கிளப்புகளை, அதாவது பந்தடிக்கும் மட்டைகளை, ஆடுபவரின் உடம்புக்கு ஏற்றபடி பொருத்திக் கொடுப்பது தொழில். ஷாஃப்ட் என்கிற தண்டின் நீளத்தைக் குறைப்பாள், கழுத்தை வளைப்பாள், தலையை மாற்றுவாள், தேய்ந்த பிடியை உரித்துப் புதிது போடுவாள். விரல் நுனிகளில் பசை காய்ந்து ஒட்டிக்கொண்டே இருப்பதால் திடலில் அவளுக்குக் 'கோந்து' என்று பேர். கோபித்துக்கொண்டால் அந்தப் பேர் இன்னும் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்து, கூப்பிட்ட பேருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

இந்தக் கிளப் வேறு யாருக்காவது என்றால், "நாலு நாள் ஆடிப் பாருங்க, பழகிடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். இது அவளுடைய அண்ணனுக்கு.

அண்ணன் இதே திடலில் பயிற்சியாளன். சென்ற மழைக்காலத்தில், நனைந்த சரிவு ஒன்றில் மைதான வண்டி கவிழ்ந்து அவன் வலது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்தார்கள். நெடுநாள் படுக்கை. பிறகு ஊன்றுகோல், பிறகு அதுவும் இல்லாமல் நடை. நடையில் ஒரு சாய்வு தங்கிவிட்டது. "வலி இன்னும் இருக்கு, போயிடும்" என்று அண்ணன் சொன்னான். குடும்பத்தில் எல்லோரும் அதை நம்பினார்கள். நம்புவதற்கு வசதியாக இருந்தது.

நெடுநாள் விடுப்பில் இருந்த பயிற்சியாளர் திரும்பி வந்து சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றால், கோல்ஃப் சங்கம் வைக்கும் ஓர் ஆட்டத்தை ஆடித் தேற வேண்டும். சனிக்கிழமை அந்த ஆட்டம். தேறாவிட்டால் அவன் இடத்துக்கு மேலாளர் வேறொருவரைப் பார்த்து வைத்திருந்தார். கலந்துகொள்ளப் போவதில்லை என்றால் இன்று மாலைக்குள் போன் செய்து பேரை எடுத்துவிடலாம். விலகியதாகத்தான் பதிவாகும், தோற்றதாக ஆகாது. நேற்றிலிருந்து அண்ணன் அந்த போனைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான்.

எல்லாம் ஒரு கிளப்பில் வந்து நின்றதற்குக் காரணம் உண்டு. ஆட்டம் நடக்கும் மைதானத்தில் நான்கு குழிகள் மிகத் தொலைவில் இருப்பவை. அவற்றில் இரண்டாவது அடியைத் தூரத்திலிருந்து, குழி இருக்கும் கிரீன் என்ற குறும்புல் தளம் வரைக்கும் அடித்தாக வேண்டும். அண்ணன் முன்பெல்லாம் அதற்கு நீள அயர்ன் எடுப்பான். அயர்ன் என்பது தகடு போன்ற தலை. எடை முழுவதும், பந்தைத் தொடும் முகத்துக்குப் பின்னால் சுவர்போல நிற்கும். அந்தத் தலையைக் கொண்டு பந்தை மேலே எழுப்ப வீச்சில் வேகம் வேண்டும். வேகம் வலது காலை ஊன்றித் தள்ளுவதிலிருந்து வருகிறது. அந்தக் கால் இப்போது தள்ளுவதில்லை. பந்து தாழ்வாகப் பறந்து, கிரீனில் விழுந்து, நிற்காமல் பின்னால் உருண்டுவிடுகிறது.

அங்கேதான் ஹைப்ரிட் வருகிறது. அயர்ன் ஒரு பக்கம். உள்ளே வெறுமையாகப் புடைத்த தலை கொண்ட வுட் மறுபக்கம். பேர்தான் மரம், அதுவும் இன்று உலோகம்தான். இரண்டுக்கும் பிறந்த பிள்ளை ஹைப்ரிட். அயர்னைப் போலக் குறுகிய தண்டு, அதனால் குறி வைப்பது எளிது. வுட்டைப் போல உள்ளே வெறுமை, அதனால் மிச்சப்படும் எடையைத் தலையின் அடியிலும் பின்பக்கத்திலும் கொண்டுபோய் வைக்க முடிகிறது. எடை பந்தின் நடுவுக்குக் கீழே புகுந்து தள்ளும்போது, மெதுவாக வீசினாலும் பந்து உயர எழும். உயர எழுந்த பந்து மெல்ல இறங்கும். மெல்ல இறங்கினால் நிற்கும். அண்ணனுக்கு வேண்டியது அதுதான்.

ஆனால் ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே குணம் கொண்டவை இல்லை. அவள் மேசையில் இரண்டு தலைகள் இருந்தன. இரண்டும் ஒரே எண், ஒரே முகச்சாய்வு. ஒன்றுக்குக் 'குண்டன்' என்றும் மற்றதற்கு 'ஒல்லி' என்றும் பேர் வைத்திருந்தாள்.

குண்டனின் தலை பெரிது. முகம் கழுத்துக்குக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார்ந்திருக்கும். அதனால் பந்தைத் தொடுவதற்குள் முகம் இடப்பக்கம் திரும்பி மூடிக்கொள்ள ஒரு கண நேரம் கூடுதலாகக் கிடைக்கும். எடை, கழுத்தை ஒட்டிய குதிப் பக்கமாகச் சேர்ந்திருக்கும். தண்டு தரையிலிருந்து நிமிர்ந்து நிற்கும். இந்த மூன்றுமே பந்தை இடப்பக்கம் இழுப்பவை. பந்து வலது பக்கம் ஓடுகிறதே என்று அழுகிறவர்களுக்காகச் செய்த தலை அது.

ஒல்லி நேர்மாறு. சிறிய தலை, கழுத்தோடு ஒரே கோட்டில் முகம், எடை குதிக்கு எதிரே இருக்கும் நுனிப் பக்கம், தண்டும் கொஞ்சம் படுத்த வாக்கு. இடப்பக்கம் போய்விடுமோ என்று பயப்படுகிற நல்ல ஆட்டக்காரர்கள் கேட்டு வாங்குவது.

பட்டறையில் வலை கட்டி, பந்தின் திசையைச் சொல்லும் கருவி ஒன்றை வைத்திருந்தாள். அண்ணன் குண்டனைச் சோதனைத் தண்டில் மாட்டி அடித்தபோது பந்து இடது. ஒல்லியை மாட்டியபோது நேர், மறுபடியும் நேர். இதைவிடத் தெளிவு என்ன வேண்டும்? ஒல்லியை ஷாஃப்டில் பசை வைத்துப் பொருத்திக் கொடுத்தாள். அன்று மாலை அண்ணன் புல்லில் போய் அடித்துவிட்டு வந்து, கிளப்பை மேசைமேல் மெதுவாக வைத்தான். அவன் மெதுவாக வைத்தால் கோபம் என்று அர்த்தம்.

"வலது."

"எவ்வளவு?"

"கிரீனே இல்லாத அளவு."

அதன்பிறகு அவள் செய்யாதது இல்லை. ஷாஃப்டை இளக்கமானதாக மாற்றினாள், பிடியை மெல்லியதாக்கினாள், பந்தை மாற்றினாள். பட்டறையில் ஒவ்வொரு மாற்றமும் பந்தை இடப்பக்கம் கொண்டுபோனது. புல்லில் அப்போதும் வலதுதான். இன்று காலை, தானே கூடப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்து, எல்லாவற்றையும் பழையபடி மாற்றி, பேனாவும் பந்துப் பையுமாகப் புல்வெளிக்கு நடந்தாள்.

தூறல் போடலாமா வேண்டாமா என்று வானம் யோசித்துக்கொண்டிருந்தது. பந்து பொறுக்கும் வண்டியை ஓட்டுகிறவர் ஓரமாக நிறுத்தி, கம்பி வலைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன கோந்து, வைத்தியம் வெளிய வந்துடுச்சு?"

"நோயாளி உள்ள நல்லா இருக்கார். வெளிய வந்தாத்தான் படுத்துக்கிறார்."

"எங்க மாமியார் மாதிரி சொல்லு. அவங்களுக்கு நேர்மாறு, வெளிய போனா நல்லா இருப்பாங்க."

அண்ணன் சிரிக்கவில்லை. வண்டிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு தூரத்து மூலைக்குப் போய்விட்டார்.

அவள் பந்தின் பின்பக்கத்தில் பேனாவால் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, கோடு முகத்தைப் பார்க்கும்படி வைத்தாள். அடித்ததும் அந்தக் கோடு கிளப்பின் முகத்தில் பதியும். கோடு நேராகப் பதிந்தால் தலையின் அடி தரையில் சமமாக உட்கார்ந்து பந்தைத் தொட்டது என்று பொருள். தலை எந்தப் பக்கம் தூக்கி நின்றாலும் கோடு சாயும்.

தலை தூக்கி நிற்பது ஏன் பெரிய விஷயம் என்று கேட்டால், ஒரு புத்தகத்தைச் சாய்மேசையில் வைப்பதுபோல, அட்டை உங்கள் பக்கம் இருக்கும்படி பின்னால் சாய்த்துப் பிடியுங்கள். அட்டை மேலேயும் உங்களை நோக்கியும் பார்க்கும். இப்போது புத்தகத்தின் ஒரு மூலையை மட்டும் உயர்த்துங்கள். அட்டை மேலே பார்ப்பதோடு நிற்காமல் பக்கவாட்டிலும் திரும்பிவிடும். கிளப்பின் முகமும் சாய்ந்ததுதான். நுனி தூக்கினால் முகம் இடப்பக்கம் பார்க்கும், குதி தூக்கினால் வலப்பக்கம். குறி தப்புவதற்கு ஆடுபவர் தப்பு செய்யவே வேண்டாம். கிளப் தானாகச் செய்துவிடும்.

அண்ணன் அடித்தான். பந்து எழுந்தது, அழகாகத்தான் எழுந்தது, கொடிக்கு வலப்பக்கமாக ஒதுங்கி மணற்குழியில் போய் விழுந்தது. அவள் கிளப்பின் முகத்தைத் திருப்பிப் பார்த்தாள். கோடு சாய்ந்திருந்தது. புல் பெயர்ந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். நுனிப் பக்கம் ஆழம், குதிப் பக்கம் மண்ணே தொடவில்லை.

"குதி தூக்குதுண்ணா."

"உள்ள அடிக்கும்போது கோடு நேரா இருந்துச்சுன்னு நீதானே காமிச்சே?"

"இருந்துச்சு."

"அப்ப?"

அவள் பெயர்ந்த புல்லை எடுத்து அதன் குழியில் வைத்து அமுக்கினாள். அண்ணன் இடது காலில் எடையை மாற்றி நின்றுகொண்டு கொடியைப் பார்த்தான்.

"விடும்மா. நீ உன்னால முடிஞ்சதப் பண்ணிட்டே. மத்த அயர்ன் மட்டும் நல்லாப் போகுது, அத வச்சு நாலு குழிய ஒப்பேத்த முடியாது. நான் போன் பண்ணிடறேன்."

"அயர்ன் நேராப் போகுதா?"

"அது எப்பவும் நேராத்தானே போகும். நடு அயர்ன், குட்டை அயர்ன் எல்லாம். அடிபடுறதுக்கு முன்னாடி எப்படியோ அப்படியே."

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். அந்த அயர்ன்களைப் பல வருடங்களுக்கு முன்பு அவள்தான் பொருத்தினாள். நன்றாகப் போகிறவற்றை ஏன் பார்க்க வேண்டும் என்று, பட்டறைக்குள் அவற்றைக் கொண்டுவரச் சொல்லவேயில்லை. ரிப்பேருக்கு வந்த பொருளை மட்டும் பார்த்தாளே தவிர, ரிப்பேர் இல்லாத பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

"ஒண்ண எடுத்துட்டு உள்ள வா. ஒரே ஒரு அடி."

"எதுக்கு?"

"வாண்ணா. போன் எங்கயும் ஓடிடாது."

பட்டறை வாசலில் அண்ணன் சுவரைப் பிடித்துக்கொண்டு காலணிகளைக் கழற்றினான். 'காலணி வெளியே' என்று அங்கே ஒரு பலகை தொங்கியது, அவளே எழுதியது. கோல்ஃப் காலணியின் அடியில் முட்கள் உண்டு. அவன் படுக்கையில் இருந்த மாதங்களில் உள்ளே புது ரப்பர் தரை போட்டிருந்தாள். முள் பட்டால் கிழியும் என்று அன்றிலிருந்து மேலாளர் வந்தாலும் இதே சட்டம்தான். அண்ணன் மேசையைப் பிடித்தபடி வலைக்கு முன்னால் போய் நின்று, அயர்னை வீசினான்.

கருவி சொன்னது: இடது.

இன்னொரு முறை. இடது.

வெளியே நேராகப் போகிற அயர்ன் உள்ளே இடது. உள்ளே நேராகப் போகிற ஹைப்ரிட் வெளியே வலது. அப்படியானால் கிளப் எதுவும் மாறவில்லை. இந்த அறைக்குள் வந்தால் எல்லாமே ஒரு பங்கு இடப்பக்கம் நகர்கிறது. பொய் சொல்வது அறை.

கருவியைச் சந்தேகப்பட்டாள். அண்ணனை நகரச் சொல்லிவிட்டு, தன் சொந்த அயர்னை எடுத்து அடித்தாள். நேர். அவளுடைய கிளப் புல்லிலும் நேர்தான். ஆக, அறை அவளிடம் உண்மை சொல்கிறது. அண்ணனிடம் மட்டும் பொய் சொல்கிறது. அண்ணனுக்கு மட்டும், வாசலைத் தாண்டும்போது எதுவோ மாறுகிறது.

வெளியே தூறல் விழத் தொடங்கியது. காலணிகள் நனையும் என்று எட்டிப்போய் இரண்டையும் இரு கைகளில் எடுத்தாள்.

தலைகளையும் திருகுகளையும் எடை பார்த்தே பழகிய கை அது. தராசில் வைக்குமுன் உள்ளங்கையே சொல்லிவிடும். வலது காலணி கனமாக இருந்தது.

திருப்பிப் பார்த்தாள். அடியில், முட்களுக்கு மேலே, கறுப்பாக ஒரு கூடுதல் தட்டு, விளிம்பு தெரியாதபடி நன்றாகத் தேய்த்து. காலணிக்குள் இருந்த அடிமெத்தையைத் தூக்கினாள். அடுக்காகக் கார்க். ஓரங்களைச் சீவி, பசை வைத்து ஒட்டியிருந்தது. பசையின் மஞ்சள் நிறம் அவளுக்குத் தெரியும். நாற்காலிக் கால் ஆடுகிறது என்று அண்ணி அவளிடம் வாங்கிப்போன பசை.

அவள் உள்ளே திரும்பியபோது அண்ணன் அவள் கைகளைப் பார்த்தான். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"எவ்வளவுண்ணா குட்டை?"

"ரெண்டு விரக்கடைக்குக் கிட்ட."

"வலி போயிடும்னு சொன்னே."

"வலி போயிடுச்சு."

அவள் காலணிகளை மேசைமேல் வைத்தாள். மழை தகரக் கூரையில் வலுத்தது.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தான். வெறும் கால்கள் இரண்டும் ரப்பர் தரையில் ஊன்றியிருக்க, வலது முழங்கால் மட்டும் மற்றதைவிடப் பின்னால் உள்வாங்கி இருந்தது.

"எலும்பு டாக்டர் சொன்னப்ப அது ஒரு பேச்சு மாதிரி இருந்துச்சு. நாளைக்கு மாறிடும்னு தோணும். உங்கிட்ட சொன்னா நீ உடனே ஸ்கேல எடுத்துருவே. நீ அளந்துட்டா அவ்வளவுதான். அதுக்கு மேல வேற பேச்சே கெடையாது. சின்ன வயசுலேர்ந்து நீ அப்படித்தானே."

மருத்துவமனைக்குப் போன நாட்கள் ஞாபகம் வந்தன. ஒவ்வொரு முறையும் அவன் முகத்தைப் பார்த்தாள், கையைப் பிடித்தாள், ஜன்னலைப் பார்த்தாள். கால்மேல் போர்வை இருந்தது. ஒரு நாளும் அதை விலக்கச் சொன்னதில்லை. இங்கே பட்டறையில் அவன் மணிக்கட்டின் உயரம், விரல் நீளம், வீச்சின் வேகம் எல்லாம் அளந்தாள். கண்ணுக்கு எதிரே வெறும் காலோடு நின்றவனின் காலை மட்டும் பார்க்கவில்லை. அவன் மறைத்தது பாதி. மறைக்க அவள் விட்டுக்கொடுத்தது மீதி.

"நானும் பாக்கலண்ணா," என்றாள். "பாத்திருக்கணும்."

"அண்ணிய ஒண்ணும் கேட்டுடாதே. பாவம், கார்க் வெட்டி வெட்டி அவ விரலெல்லாம் காயம்."

"நாற்காலின்னு சொல்லி என் பசைய வாங்கிட்டுப் போனாங்க. நல்ல நாற்காலி."

அண்ணன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு உள்ளங்கையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டான். அவள் அவன் அப்படியே இருக்கட்டும் என்று, வேலை எதுவும் இல்லாத ஓர் இழுப்பறையைத் திறந்து மூடினாள்.

கணக்கு இப்போது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. வெறும் காலில் நிற்கும்போது அண்ணன் வலப்பக்கம் தாழ்கிறான். எல்லோருக்கும் காலணி தரும் உயரம் சிறிதுதான், அவனுக்குக் கார்க் தரும் உயரமும் சேர்ந்து போய்விடுகிறது. கைகள் தரைக்கு நெருங்குகின்றன. கை தாழ்ந்தால் தண்டு படுக்கும், தலையின் நுனி தூக்கும், பந்து இடது. அந்த இடதைப் பார்த்துத்தான் அவள் குண்டனை ஒதுக்கி, படுத்த வாக்கான ஒல்லியைக் கொடுத்தாள். வெறுங்கால் ஆளுக்கு அது மிகச் சரியான கிளப். ஆனால் வெறுங்கால் ஆள் மைதானத்தில் ஆடுவதில்லை. அங்கே ஆடுகிறவன், அண்ணி வெட்டிய கார்க்கின்மேல் பழைய உயரத்தில் நிற்கிறவன். அவன் கைகள் உயரும், ஒல்லியின் குதி தூக்கும், நுனி மண்ணில் மாட்டி முகத்தை இன்னும் வலப்பக்கம் திறக்கும், பந்து வலது. பழைய அயர்ன்கள் தப்பித்ததும் அதனால்தான். அவை அந்தப் பழைய உயரத்துக்குச் செய்தவை. கார்க் அந்த உயரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டது.

"ஷூவப் போட்டுக்கோ."

"தரை கிழிஞ்சுடும்மா."

"கிழியட்டும். போட்டுக்கோ."

அவன் போட்டுக்கொண்டு எழுந்தான். ரப்பரில் முட்கள் பதிந்த சத்தம் கேட்டது. அவள் ஸ்கேலை எடுத்தாள். எடுத்துவிட்டு ஒரு கணம் அவனைப் பார்த்தாள்.

"அள," என்றான்.

இந்த முறை முதலில் குனிந்து கால்களைப் பார்த்தாள். பிறகு மணிக்கட்டிலிருந்து தரை வரை அளந்தாள். ஒதுக்கிச் சுவரில் மாட்டியிருந்த குண்டனைக் கழற்றி, சோதனைத் தண்டில் மாட்டி அவன் கையில் கொடுத்தாள். அவன் வீசினான். கருவி, நேருக்குக் கொஞ்சம் இடது என்றது. முகத்தில் கோடு செங்குத்தாகப் பதிந்திருந்தது. கோணம் சரி, மிச்சமிருந்த அந்த இடது, குதிப் பக்கத்தில் சேர்ந்திருந்த எடையால் வருவது. குண்டனின் அடியில் இரண்டு திருகுகள் உண்டு, குதியில் கனமானது, நுனியில் லேசானது. இரண்டையும் கழற்றி இடம் மாற்றி முடுக்கினாள்.

"மழை விட்டுடுச்சா பாரு," என்றாள்.

முழுதாக விடவில்லை. இருவரும் போனார்கள். வண்டிக்காரர் கூரைக்கு அடியில் ஒதுங்கி, கை துடைத்துக்கொண்டிருந்தார். ஈரப் புல்லில் அண்ணன் பந்தை வைத்தான். காலை ஊன்றி, மறைக்காமல், சாய்ந்த நடையை அப்படியே நடந்துபோய் நின்றான். வீசினான்.

பந்து மேலே போனது. தூறலுக்குள் சிறுத்துச் சிறுத்து, கொடியின் கோட்டிலேயே இறங்கி, விழுந்த இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி நின்றது. அடுத்ததும் அங்கேயே. அடுத்ததும்.

பெயர்ந்த புல்லை அவள் தொட்டுப் பார்த்தாள். நுனியும் குதியும் ஒரே ஆழம்.

"கோச்," என்று வண்டிக்காரர் அங்கிருந்து கூப்பிட்டார். "எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டா எனக்குப் பொறுக்கற வேல இல்லாமப் போயிடும்."

அண்ணன் அவரைப் பார்த்துக் கை உயர்த்தினான். பிறகு சட்டைப் பையிலிருந்த போனை எடுத்தான். அவன் அண்ணியைக் கூப்பிட்டான்.

"நான்தான். சனிக்கிழமை சீக்கிரம் கெளம்பணும். ஆமா, போறேன்." கொஞ்ச நேரம் கேட்டான். "தெரிஞ்சுடுச்சு. ஷூவத் தூக்கினா, அவ்வளவுதான்... இல்ல, திட்டல. இங்கதான் நிக்கிறா."

பட்டறைக்குத் திரும்பி, அவள் முதலில் வாசல் பலகையைக் கழற்றினாள். பிறகு ஒல்லியை ஷாஃப்டிலிருந்து சூடுகாட்டிப் பிரித்து, குண்டனை அங்கே பசை வைத்து ஒட்டினாள். செய்ய வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஆடுபவரை அவர் ஆடும் காலணியோடு நிறுத்தி அளந்து, நிமிர்ந்து நிற்கும் தலையைப் பொருத்தி, கனமான திருகைக் குதியிலிருந்து நுனிக்கு மாற்றுவது.